மாடிப்படிக் கைப்பிடி

மலருக்கு ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று ஆசிரியர் கேட்டபோது, "எனக்குக் கதையும் கவிதையும் வராது, கட்டடமும் பாலமும்தான் தெரியும்" என்று சொல்லிப் பார்த்தேன். "அதையே எழுதுங்கள் சார்" என்று விட்டுவிட்டார். ரயில்வேயில் ஒர்க்ஸ் பிரிவில் 37 வருடம் இருந்தவன் நான். டிப்ளமா முடித்துச் சேர்ந்த காலத்தில் எங்கள் பதவிக்கு ஐ.ஓ.டபிள்யூ. என்று பெயர். பிற்பாடு செக்‌ஷன் இன்ஜினியர் என்று மாற்றினார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். குவார்ட்டர்ஸில் ஒழுகும் கூரை, பிளாட்பாரத் தளம், தண்ணீர்த் தொட்டி, நடைமேம்பாலத்துப் படிக்கட்டு, இவற்றோடுதான் என் காலம் போயிற்று. இவற்றில் யாருமே கவனிக்காத ஒன்றைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. அதுதான் மாடிப்படியின் கைப்பிடி.

இதில் என்ன இருக்கிறது எழுத என்று அன்பர்கள் நினைக்கலாம். மும்பையில் நம்மவர்கள் எப்படிக் குடியிருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். லிஃப்ட் இல்லாத மூன்று மாடி, நான்கு மாடி சொசைட்டிக் கட்டடங்கள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு வயதானதும் இங்கே அழைத்து வந்து வைத்துக்கொள்கிறோம். அவர்கள் வாழ்நாள் முழுக்கத் திண்ணையும் முற்றமும் உள்ள தரை வீட்டில் இருந்தவர்கள். ஏறிய படி என்றால் கோயில் படியும் குளத்துப் படியும்தான். எழுபது வயதுக்கு மேல் தினமும் அறுபது படி ஏறி இறங்கு என்கிறோம். அவர்களுக்கு அந்தப் படியில் துணை யார்? மகன் ஆபீஸுக்குப் போய்விடுகிறான். மருமகளும் போய்விடுகிறாள். மிச்சம் இருப்பது அந்தக் கைப்பிடி ஒன்றுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு மாமி, காய்கறி வாங்கக் கீழே இறங்கியவர், கடைசிப் படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். படி ஈரமில்லை, இருட்டில்லை, அவருக்கு மயக்கமும் இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேதான் இறங்கினார். ஆனால் அந்தக் கைப்பிடி, படி முடிவதற்கு ஒரு படி முன்னாலேயே முடிந்துவிட்டது. கை முடிந்த இடத்தில் படியும் முடிந்துவிட்டது என்று அவர் காலை நீட்டி வைத்தார். அங்கே தரை இல்லை, இன்னொரு படி இருந்தது. போய்ப் பார்த்தேன். ஒரு அடி நீளக் குழாய் மிச்சம் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். படுக்கையிலிருந்து மாமி எழுந்து நடக்க ஆறு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு அவர் தனியாகக் கீழே இறங்கவே இல்லை.

கைப்பிடி கையோடு மட்டும் சம்பந்தப்பட்டதல்ல. படி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று காலுக்குச் சொல்வதும் அதுதான். கண் மங்கியவர்கள் குனிந்து படியைப் பார்ப்பதில்லை, கையால்தான் படிக்கிறார்கள். அதனால்தான் கைப்பிடி கடைசிப் படியைத் தாண்டி ஒரு அடி, அதாவது 300 மி.மீ., மட்டமாக நீண்டிருக்க வேண்டும் என்பது விதி. மேலேயும் அப்படியே. சரிவாக வந்த குழாய் கைக்குள் மட்டமாக மாறினால் ‘படி முடிந்தது’ என்று கைக்குத் தெரிந்துவிடும். நீண்ட முனையை அப்படியே குத்திட்டு விடக்கூடாது. சுவர்ப் பக்கமோ கீழ்நோக்கியோ வளைத்து முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் புடவைத் தலைப்பும் பையின் வாரும் அதில் மாட்டி, ஆளை இழுத்துவிடும்.

நாம் பேச்சில் எல்லாவற்றையும் கைப்பிடி என்றே சொல்லிவிடுகிறோம். உண்மையில் அங்கே இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, கால் தடுக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு பிடி. இன்னொன்று, படியின் திறந்த பக்கமாக ஆள் கீழே விழாமல் ஒரு தடுப்பு. முதலாவதைக் கைப்பிடி என்றும் இரண்டாவதைக் கிராதி என்றும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். பழைய வீடுகளில் ஒரே அமைப்பு இரண்டு வேலையையும் செய்தது. இப்போது வருகிற பலவற்றில் கிராதி மட்டும் இருக்கிறது, பிடி இல்லை. சிலவற்றில் பிடி இருக்கிறது, கிராதி பெயருக்கு நிற்கிறது.

மாட்டுங்கா, தாதர் பக்கம் 1930, 40-களில் கட்டிய கட்டடங்களில் நம் குடும்பங்கள் நிறையப் பேர் இருந்தார்கள், இன்னும் சிலர் இருக்கிறார்கள். மிச்சமிருக்கும் கட்டடம் ஒன்றின் படியில் ஒருநாள் ஏறிப் பாருங்கள். மேலே தேக்கில் கைப்பிடி. அதன் அடிப்பக்கம் இரு புறமும் பள்ளம் இழைத்திருப்பார்கள். அது அழகுக்காக என்று பலர் நினைக்கிறார்கள். விரல் நுனி போய் அமர்வதற்காக அது. படி தொடங்கும் இடத்திலும் திரும்பும் இடத்திலும் தடித்த கம்பம் ஒன்று நிற்கும். இங்கிலீஷில் நியூவல் போஸ்ட் என்பார்கள், நாம் தலைக்கம்பம் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தக் கிராதியையும் தாங்குவது அதுதான். அதன் உச்சியில் குமிழ் இருக்கும். இரண்டு தலைக்கம்பங்களுக்கு இடையே வரிசையாக நிற்கும் மெல்லிய கால்கள் பாலஸ்டர். கடைசல் மரத்திலோ வார்ப்பிரும்பிலோ இருக்கும். அந்தக் காலத்துத் தச்சர் ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களை, படிப் பலகையில் துளையிட்டு இறக்கியிருப்பார். ஆணியை நம்பி ஒன்றையும் நிறுத்தவில்லை. எண்பது வருடம் கழித்தும் அசைத்தால் அசையாது. சில பள்ளிக்கூடங்களில் கைப்பிடியின் மேல் இடையிடையே பித்தளைக் குமிழ்கள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பையன்கள் சறுக்கி இறங்காமல் இருக்க. சறுக்கி இறங்கியவன் யாரோ ஒருவன் பெரியவனாகி இன்ஜினியர் ஆகித்தான் அதைக் கண்டுபிடித்திருப்பான் என்பது என் ஊகம்.

பிடியின் பருமனுக்கு ஒரு எளிய பரீட்சை உண்டு. கையால் சுற்றிப் பிடித்தால் கட்டைவிரலும் நடுவிரலும் கிட்டத்தட்டத் தொட வேண்டும். 38 முதல் 45 மி.மீ. விட்டமுள்ள உருண்டைக் குழாய் இதற்குப் பொருத்தம். இங்கே ஒரு குழப்பம் வரும். ஜி.ஐ. குழாயைக் கடையில் உள்துளை அளவைச் சொல்லித்தான் விற்பார்கள். ஒன்றே கால் அங்குலக் குழாய் என்று வாங்கினால் அதன் வெளிவிட்டம் 42 மி.மீ. இருக்கும், அது கைக்குச் சரி. "கொஞ்சம் பலமாக இருக்கட்டும்" என்று இரண்டு அங்குலக் குழாய் வாங்கினால் வெளிவிட்டம் 60 மி.மீ. ஆகிவிடும். அது பெரியவர்கள் கைக்கும் அடங்காது, குழந்தைக்குச் சொல்லவே வேண்டாம்.

அதைவிட மோசம், இப்போது புதுக் கட்டடங்களில் சுவர் எழுப்பி மேலே எட்டு அங்குலம் அகலத்துக்குக் கிரானைட் பலகை பதிப்பது. பார்க்க நன்றாயிருக்கிறது, துடைக்கவும் சுலபம். அதன் மேல் உள்ளங்கையை வைக்கலாமே தவிர, பிடிக்க முடியாது. கால் வழுக்கும் அந்த நொடியில் நமக்கு வேண்டியது வைப்பதல்ல, பிடிப்பது. அப்படிப்பட்ட சுவர் உங்கள் கட்டடத்தில் இருந்தால் இடிக்க வேண்டாம். அது கிராதி வேலையை நன்றாகவே செய்கிறது. எதிர்ச் சுவரில் ஒரு குழாயை மட்டும் பொருத்துங்கள். சுவருக்கும் குழாய்க்கும் இடையே இரண்டு அங்குலம் விடவேண்டும். குறைந்தால் விரல் முட்டி உராயும். தாங்கும் பிராக்கெட் குழாயின் அடிப்பக்கமாக வந்து சேர வேண்டும். பக்கவாட்டில் வந்தால் ஒவ்வொரு பிராக்கெட்டிலும் கையை எடுத்து எடுத்து வைக்க வேண்டிவரும். கையை எடுக்கிற இடத்தில்தான் கால் தவறும்.

சுவர்ப் பக்கம் கைப்பிடி எதற்கு, ஒரு பக்கம்தான் இருக்கிறதே என்று கமிட்டியில் கேட்பார்கள். பக்கவாதம் வந்து ஒரு கை மட்டும் வேலை செய்கிறவரை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவருக்கு வலது கைதான் பலம், கைப்பிடியும் ஏறும்போது வலப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஏறிவிடுவார். இறங்கும்போது அதே கைப்பிடி இடப் பக்கம் வந்துவிடுமே! ஒரு பக்கக் கைப்பிடி அவரை மேலே ஏற்றிவிட்டு அங்கேயே உட்காரவைத்துவிடும். எங்கள் கட்டடத்தில் இந்த ஒரு உதாரணத்துக்குப் பிறகு எதிர்ப்பு எழவில்லை.

உயரத்துக்கு வருகிறேன். 2016-ல் வெளிவந்த நேஷனல் பில்டிங் கோடு, படியின் மிதிபலகை நடுவிலிருந்து கைப்பிடியின் உச்சிவரை 1,000 மி.மீ. என்று சொல்கிறது. பழைய கட்டடங்களில் மூன்று அடி, அதாவது 90 செ.மீ. அளவில் இருக்கும். எங்கிருந்து அளப்பது என்பதில்தான் மிஸ்திரிகள் தப்பு செய்கிறார்கள். படியின் உள்மூலையில், அடுத்த படி எழும்பும் இடத்தில், டேப்பை வைத்து அளந்து ‘ஒரு மீட்டர் இருக்கிறது சாப்’ என்பார்கள். நாம் இறங்கும்போது கால் அழுந்துவது படியின் மூக்கில், வெளி ஓரத்தில். ஆறு அங்குல உயரப் படியில் மூலைக்கும் மூக்குக்கும் அந்த ஆறு அங்குலமும் வித்தியாசம் வரும். மூலையில் ஒரு மீட்டர் காட்டும் கைப்பிடி மூக்கில் 85 செ.மீ.தான் இருக்கும். நடுவில் அளந்தால் இந்த ஏமாற்றம் பாதியாகக் குறையும். அதனால்தான் விதியில் நடு என்று எழுதியிருக்கிறார்கள்.

தடுப்புக்கு உயரம் கூடினால் நல்லது. பிடிக்கு மிகவும் கூடினால் குள்ளமான பாட்டிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் தோள் தூக்க வேண்டியிருக்கும். இரண்டையும் ஒரே குழாயில் சமாளிக்க முடியாத இடங்களில், கிராதியை உயரமாக வைத்துவிட்டு அதற்குச் சற்றுக் கீழே தனியாக ஒரு பிடிகுழாய் ஓடவிடுகிறார்கள். புது மெட்ரோ ஸ்டேஷன்களில் இரண்டு உயரத்தில் குழாய் இருப்பதைப் பார்த்தால், அது இரட்டைச் செலவு என்று நினைக்காதீர்கள்.

இடைவெளிதான் எல்லாவற்றிலும் பயங்கரமானது. குழந்தைக்கு உடம்பைவிடத் தலை பெரிது. உடம்பு நுழைகிற சந்தில் தலை நுழையாது. காலை விட்டு, இடுப்பை விட்டு, கழுத்துவரை போய்த் தொங்கிவிடும். இதற்காக அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஒரு பந்துக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நான்கு அங்குலம், அதாவது 100 மி.மீ. விட்டமுள்ள பந்து கிராதியின் எந்தச் சந்திலும் புகக்கூடாது. நம் வீட்டில் இதற்கென்று கருவி தேவையில்லை. நான்கு அங்குல அகலத்தில் ஒரு அட்டை வெட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொரு சந்திலும் விட்டுப் பாருங்கள். பழைய சால் கட்டடங்களின் மரக்கிராதியில் ஒரு கால் உடைந்து விழுந்து, யாரும் மாட்டாமல் விட்ட இடங்கள் இருக்கும். அங்கே ஒரு கால் போனால் இடைவெளி இரட்டிப்பாகவில்லை, குழந்தைக்குக் கதவே திறந்துவிடப்பட்டிருக்கிறது. சணல் கயிற்றால் கட்டி மறைப்பது மறைப்பல்ல.

கம்பிகள் நெடுக்கில் நிற்க வேண்டும், குறுக்கில் ஓடக்கூடாது என்பது என் கட்சி. சமீப வருடங்களில் எங்கே பார்த்தாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிராதி. மேலே ஒரு தடித்த குழாய், கீழே படிக்கு இணையாக மூன்று நான்கு மெல்லிய குழாய். வேலை சுலபம், வெல்டிங் குறைவு, பளபளப்பும் உண்டு. மூன்று வயதுப் பிள்ளைக்கு அது கிராதி அல்ல, ஏணி. இரண்டாவது குழாயில் கால் வைத்துவிட்டால் ஒரு மீட்டர் உயரம் அரை மீட்டராகிவிடும். பிள்ளைகள் உள்ள கட்டடத்தில் குறுக்குக் குழாய் ஏற்கெனவே போட்டாயிற்று என்றால், உட்புறம் பாலிகார்பனேட் தகடோ நெருக்கமான வலையோ கட்டுவதுதான் வழி.

இனி பலம். எங்கள் பிழைப்பே இதுதான் என்பதால் கொஞ்சம் கணக்கு சொல்ல அனுமதிக்க வேண்டும். ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதியின் இரண்டாம் பகுதி, 1987-ம் வருடத்தது, கிராதியைப் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளினால் தாங்க வேண்டும் என்று சொல்கிறது. தனி வீட்டுக்குள்ளே உள்ள படிக்கு மீட்டருக்குச் சுமார் 35 கிலோ. சொசைட்டியின் பொதுப் படிக்கு 75 கிலோ. சினிமாக் கொட்டகை, பள்ளிக்கூடம், கூட்டம் நெருக்கும் இடங்களுக்கு 225 கிலோவுக்குக் குறையாமல். ஒரே உயரம், ஒரே மாதிரி தோற்றம். ஆனால் கூட்டம் நெருக்கும் இடத்துக் கிராதி வீட்டுக் கிராதியைப்போல ஆறு மடங்குக்கு மேல் தாங்க வேண்டும்.

இந்தக் கடைசி எண் காகிதத்தில் எழுதிய கணக்கு மட்டுமல்ல என்பதை மும்பைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2017 செப்டம்பர் 29-ம் தேதி காலை, மழைக்கு ஒதுங்கிய கூட்டமும் வண்டியிலிருந்து இறங்கிய கூட்டமும் எல்ஃபின்ஸ்டன் ரோடு, பரேல் நிலையங்களை இணைத்த நடைமேம்பாலத்தின் குறுகிய படிக்கட்டில் நெருக்கி, 23 பேர் இறந்துபோனார்கள். அங்கே ராணுவத்தின் பொறியாளர்கள் கட்டிய புதுப் பாலம் 2018 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கூட்டத்தில் மனிதன் தன் காலில் நிற்பதில்லை, பின்னால் இருப்பவன் தள்ள, முன்னால் இருப்பவன்மேல் சாய்கிறான். அந்தச் சாய்வு முழுவதும் கடைசியில் கிராதியில் வந்து நிற்கும். அகலப் படிக்கட்டில் நடுவே ஒரு கைப்பிடி ஓடுவதும் இதற்காகத்தான். நடுவில் நடப்பவர் தடுமாறினால் பிடிக்கக் கைக்கெட்டும் தூரத்தில் ஏதாவது இருக்க வேண்டும். ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் ஓரளவு பிரித்துவிடுவதும் அதுதான். ஸ்டேஷன் படியில் அந்த நடுக்கம்பியை ‘வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறதே’ என்று திட்டுகிறவர்களை நான் வருடக்கணக்காகக் கேட்டிருக்கிறேன்.

கிராதி உடைந்து நான் பார்த்த இடங்களில் குழாய் உடைந்ததே இல்லை என்று சொல்லலாம். கால் பிடுங்கிக்கொண்டு வரும். ஏன் என்று பாருங்கள். பொதுப் படிக்கு மீட்டருக்கு 75 கிலோ. கால்கள் நான்கு அடிக்கு ஒன்று, அதாவது 1.2 மீட்டர். ஆக ஒவ்வொரு காலின் உச்சியிலும் 90 கிலோ தள்ளு. கால் உயரம் ஒரு மீட்டர். அடியில் நான்கு அங்குலச் சதுரத் தகடு, அதன் விளிம்பிலிருந்து போல்ட் 8 செ.மீ. தள்ளி இருக்கிறது. கடப்பாரையால் கல்லைப் பெயர்க்கிற அதே கதைதான். நீளமான பக்கம் 100 செ.மீ., குட்டையான பக்கம் 8 செ.மீ. மேலே 90 கிலோ தள்ளினால் கீழே போல்ட்டை இழுப்பது 1,100 கிலோவுக்கு மேல். ஒரு டன்! மேலே சாய்ந்து நிற்பவருக்கு இது தெரியாது.

இப்போது நம் வீட்டுப் படியில் அந்த போல்ட் எங்கே இறங்கியிருக்கிறது என்று பார்ப்போம். மேலே முக்கால் அங்குலம் கிரானைட். அதன் அடியில் ஒன்று, ஒன்றரை அங்குலம் சாந்து. அதற்குக் கீழேதான் கான்கிரீட். கிராதி போடுகிறவர் கொண்டுவரும் போல்ட் பெரும்பாலும் இரண்டரை அங்குலம், தகட்டின் தடிமன் போக உள்ளே இறங்குவது இரண்டேகால். அது கல்லையும் சாந்தையும் பிடித்துக்கொண்டு நிற்கிறதே தவிர கான்கிரீட்டைச் சரியாகப் பிடிக்கவே இல்லை. மேலே ஒரு பளபளப்பான கிண்ணத்தைக் கவிழ்த்து மூடிவிடுவார்கள். மூடியபின் நல்ல போல்ட்டும் கெட்ட போல்ட்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கான்கிரீட்டுக்குள் குறைந்தது மூன்று அங்குலமாவது இறங்கும்படி போல்ட் கேளுங்கள். படியின் விளிம்புக்கு மிக அருகில் துளைத்தால் கான்கிரீட்டே ஓரம் உடைந்து வந்துவிடும். அங்கே விரியும் போல்ட்டைவிட, துளையில் பசை ஊற்றி நிறுத்தும் கெமிக்கல் ஆங்கர் மேல். இன்னும் நல்லது, தகட்டைப் படியின் மேல் வைக்காமல், படியின் பக்கவாட்டுக் கான்கிரீட்டில் மேலும் கீழுமாக போல்ட் போட்டு மாட்டுவது. மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் ஆறு அங்குலம் இருந்தாலே இழுப்பு ஏறக்குறைய பாதியாகக் குறையும். படியின் அகலமும் குறையாது.

ரயில்வேயில் எங்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. ஓடித் தேய்ந்து கழித்த தண்டவாளம் எங்களிடம் கிடைக்கும். அதை வெட்டிக் கம்பமாக நட்டு வேலியும் கிராதியும் போடுவோம். கெஜத்துக்கு 90 பவுண்டு எடையுள்ள தண்டவாளம் அது. யானை சாய்ந்தாலும் கவலையில்லை. அழகு என்று யாரும் சொன்னதில்லை, விழுந்தது என்றும் யாரும் சொன்னதில்லை.

சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கடையில் காந்தத்தை ஒட்டிக் காட்டி, ‘ஒட்டவில்லை பாருங்கள், அசல் 304’ என்பார்கள். 202 என்ற மலிவு ரகத்திலும் காந்தம் ஒட்டாது. 304-ல் நிக்கல் 8 சதவீதம் அளவு இருக்கும். 202-ல் அதைவிடக் குறைவு, மாங்கனீஸ் சேர்த்து ஈடுகட்டியிருப்பார்கள். மும்பையின் உப்புக்காற்றில் 202 இரண்டு மழைக்காலத்துக்குள் பழுப்புப் புள்ளி போட்டுவிடும். பில்லில் 304 என்று எழுதி வாங்குவதுதான் பரீட்சை. குழாயின் தகடு கனத்தையும் எழுதி வாங்குங்கள்.

மறுகட்டுமானத்துக்குப் போகிற சொசைட்டிகளில் பில்டர் கண்ணாடிக் கிராதி காட்டுவார். நான் கண்ணாடிக்கு எதிரியல்ல. டஃபன்டு கண்ணாடி மட்டும் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது உடைந்தால் கற்கண்டு போலப் பொடிப்பொடியாகிக் கொட்டிவிடும். காயம் குறைவுதான், ஆனால் தடுப்பு இருந்த இடத்தில் ஒன்றுமே மிச்சமிருக்காது. இரண்டு கண்ணாடிக்கு நடுவே படலம் வைத்து ஒட்டிய லாமினேட்டட் வகை உடைந்தாலும் இடத்தில் நிற்கும். இரண்டு குணமும் சேர்ந்தது வேண்டும் என்று கேளுங்கள். மேலே பிடிக்கக் குழாயும் வேண்டும். கண்ணாடியின் விளிம்பு கைப்பிடி ஆகாது.

இரும்புக் கிராதி உள்ளவர்கள் மே மாதத்தில் ஒருநாள் சுத்தியலோடு படியில் இறங்குங்கள். மேலே பெயிண்ட் நன்றாகத்தான் இருக்கும், பார்க்க வேண்டியது கால் தரையைத் தொடும் இடம். படி கழுவும் தண்ணீரும் மழைத் தண்ணீரும் அங்கேதான் தேங்கும். லேசாகத் தட்டினால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். ‘டப்’ என்று செதில் உதிர்ந்தால் உள்ளே இரும்பு இல்லை என்று அர்த்தம். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும். கான்கிரீட்டுக்குள் துரு பிடித்த கால் படியையே பிளந்துவிடும். காலைச் சுற்றி விரிசல் தெரிவது அதனால்தான். அந்த இடத்தைச் சுரண்டி, துருவை எடுத்து, பிரைமர் இரண்டு கை, பெயிண்ட் இரண்டு கை அடித்து, காலைச் சுற்றித் தண்ணீர் நிற்காதபடி சாந்தைச் சரிவாகப் பூசிவிடுங்கள். ஜி.ஐ. குழாயில் வெல்டிங் செய்த இடங்களில் துத்தநாகப் பூச்சு எரிந்து போயிருக்கும், அந்த இடங்களுக்கு மட்டும் ஜிங்க் பெயிண்ட் கட்டாயம். தட்டிப் பார்த்தபின் ஒவ்வொரு காலையும் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இடுப்பில் துளி அசைந்தால் பரவாயில்லை, அடியில் அசையக்கூடாது.

புதிதாகப் போடுகிறவர்கள் கொட்டேஷனில் குழாயின் ரகம், கனம் என்பதோடு போல்ட்டின் பருமனையும் நீளத்தையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வேலை நடக்கிற அன்று செகரட்டரியோ வேறு யாராவதோ கூட நின்று, கிண்ணத்தை இறக்குமுன் நான்கைந்து கால்களின் போல்ட்டைக் கழற்றி அளந்து பார்த்துவிட வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால், அதற்குள் கிண்ணத்தைப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள்.